அமுக்: ஒரு மலாய்ச் சொல்லின் பிறப்பும் பொருளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சொல்லாய்வுக்கென்று நிறுவப்பட்ட இந்த அறக்கட்டளையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அது தமிழ்ச் சொல் அன்று. மலாய் மொழியில் பிறந்து, போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா போய், மருத்துவ நூல்களில் இடம்பிடித்து, இன்று உலகச் செய்திகளில் எல்லாம் நடமாடும் ‘அமுக்’ என்ற சொல். அமைதியாக இருந்த ஒருவர் சட்டென்று கத்தியோடு கிளம்பி எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்குவதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் இது.

நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ‘திடீரென்று’ என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் பிறவியிலேயே இருந்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது, அந்தச் செயலுக்கு முன்னால் நடந்தவற்றைச் சொல்லிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

சொல்லின் உருவம்

ரோமன் எழுத்தில் இதைப் பழைய நூல்கள் ‘அமோக்’ என்று எழுதும். இன்றைய மலாய், இந்தோனேசிய எழுத்துமுறையில் ‘அமுக்’. மலாயில் இது பெரும்பாலும் வினையாகவே வாழ்கிறது. ‘மெங்அமுக்’ என்றால் வெறிகொண்டு பாய்ந்து தாக்குதல், ‘அமுக்கான்’ அந்தத் தாக்குதல், ‘பெங்அமுக்’ தாக்குபவர். ஜாவானிய, சுந்தானிய மொழிகளில் ‘ஙமுக்’ என்ற வடிவம் உண்டு.

தமிழ்க் காதுக்கு இந்த ஒலி இரண்டு சொற்களை நினைவூட்டும். ஒன்று, ‘அமுக்கு’. மற்றொன்று, ‘அமோக விளைச்சல்’ என்கிறோமே, அந்த அமோகம். இரண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமுக்குதல் திராவிட வேரில் வந்தது. அமோகம் வடமொழியில் ‘வீண்போகாதது’ என்ற பொருளில் வந்தது. ஒலி ஒத்துவருவதைக் கொண்டே உறவு சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே வலுவாக இருப்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்க்களத்து வினை

பழைய ஜாவானியக் காவியங்களில் இச்சொல் போர்க்களத்தில் வருகிறது. மலாய் வரலாற்றுக் கதைகளிலும் அப்படியே. படை அணிவகுத்து நிற்கும். வீரர்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் எதிரணிக்குள் புகுந்து வெட்டுவார்கள். அதற்கு அமுக் என்று பெயர். அங்கே அது புகழ்ச் சொல். அப்படிப் பாய்ந்தவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை.

ஹிகாயத் ஹாங் துவா என்ற மலாய்க் காவியத்தில் இச்சொல் ஒரு படி நகர்கிறது. மலாக்கா சுல்தான், குற்றமற்ற ஹாங் துவாவைக் கொல்ல ஆணையிடுகிறார். தோழன் இறந்துவிட்டதாக நம்பும் ஹாங் ஜெபாட், அரசனை எதிர்த்து அரண்மனையையே கைப்பற்றுகிறான். உயிரோடு மறைந்திருந்த ஹாங் துவா திரும்பிவந்து, அரச கட்டளைப்படி நண்பனைக் குத்துகிறான். குத்துப்பட்ட ஜெபாட் காயத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஊருக்குள் அமுக் செய்து, கண்ணில் பட்டவர்களைக் கொன்றுவிட்டு, கடைசியில் தோழனின் மடியில் உயிர் விடுகிறான். களத்தில் எதிரியை நோக்கியிருந்த வினை, இங்கே தெருவில் நிற்பவரை நோக்கித் திரும்பிவிட்டது. ஆனால் காரணம் மறையவில்லை. ஜெபாட் ஏன் அப்படிச் செய்தான் என்று கதை கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். அவன் துரோகியா, நீதி கேட்டவனா என்று மலாய் உலகம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

மலபார் வழக்கு

இச்சொல் மலையாளக் கரையில் பிறந்தது என்று ஒரு கருத்து உண்டு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சிக்கலை விரிவாக எடுத்துப் பேசுகிறது. போர் என்று பொருள்படும் ‘அமர்’ என்ற வேரிலிருந்து வந்த மலையாளச் சொல் ஒன்றை அது ஒரு சாத்தியமாக முன்வைக்கிறது. ‘விடுவிக்க முடியாதது’ என்று பொருள்படும் ‘அமோக்ஷ்ய’ என்ற வடசொல்லையும் சுட்டுகிறது. அமர் நமக்கும் நெருங்கிய சொல் என்பதால், தமிழ் ஆய்வாளருக்கு இந்தக் கருத்தில் ஓர் ஈர்ப்பு வருவது இயல்பே.

கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. போர்த்துகீசியர் ‘அமௌக்கோ’ என்று ஒரு வகை வீரரைக் கேரளத்தில் குறித்தார்கள். காஸ்பார் கொரெயா தம் வரலாற்றில், 1503-ஆம் ஆண்டுப் போரில் கொச்சி இளவரசர்கள் வீழ்ந்தபோது அவர்களுடைய வீரர்கள் பழிவாங்கிச் சாவதென்று உறுதி பூண்டு கோழிக்கோட்டை நோக்கிப் போனதைச் சொல்லி, அவர்களை இப்பெயரால் அழைக்கிறார். பாரதப்புழைக் கரையில் திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில், வள்ளுவநாட்டின் சாவேர்கள் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியை நோக்கிப் பாய்ந்து மடிந்ததும் இதே மரபுதான். தலைவனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்த வேளைக்காரப் படையைச் சோழர் வரலாற்றில் படித்திருக்கிறோம். ஆக, செயல் நம் பக்கத்துக் கரையிலும் இருந்தது. சொல்லும் இங்கேதான் பிறந்ததா?

இல்லை என்பதே என் முடிவு. கொரெயா 1503-இல் நடந்ததை எழுதினாலும், எழுதியது பல ஆண்டுகள் கழித்து. அதற்குள் போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்து மலாய்ச் சொற்களுக்குப் பழகிவிட்டார்கள். கண்ணூரில் எழுத்தராகப் பணியாற்றி, மலையாளம் நன்கு அறிந்திருந்த துவார்த்தே பார்போசா ஏறத்தாழ 1516-இல் எழுதிய நூல் இன்னும் தெளிவான சான்று. அவர் இச்சொல்லை ஜாவானியரைப் பற்றிப் பேசும் இடத்தில் விளக்குகிறார். அதற்குச் சற்று முன் மலாக்காவில் இருந்து எழுதிய தோமே பிரேஸ் என்ற மருந்தாளரும் அதை ஜாவானியரோடுதான் இணைக்கிறார். மலையாளம் தெரிந்த ஒருவர் மலையாளச் சொல்லை அடையாளம் காணாமல் ஜாவாவுக்குக் கொடுத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. கிழக்கே கற்ற சொல்லை மேற்குக் கரையில் கண்ட ஒத்த செயலுக்கும் போர்த்துகீசியர் பொருத்தினார்கள் என்று கொள்வதே பொருந்தும். நமக்கு உரிமையில்லாத சொல்லை உரிமை கொண்டாடாமல் இருப்பதும் சொல்லாய்வின் கடமைதான்.

பார்போசா தரும் விளக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடும் நோயுற்ற ஒருவர், தாம் பிழைத்தால் மேலான ஒரு சாவைத் தேடிக்கொள்வதாகக் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறார். நலமானதும் குறுவாளோடு தெருவில் இறங்குகிறார் என்கிறார் அவர். ஐரோப்பியர் எழுதிய தொடக்க காலக் குறிப்புகளில் ஒன்றான இதிலேயே, செயலுக்கு முன்னால் நோய் இருக்கிறது, வேண்டுதல் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. திடீர் என்பதற்கு அங்கே இடமில்லை.

ஐரோப்பிய நாக்கில்

ஆங்கிலேயர் இச்சொல்லை வாங்கியபோது முதல் எழுத்தைத் தங்கள் மொழியில் ‘ஒரு’ என்று பொருள்படும் சொல்லாகக் கருதி இரண்டாகப் பிளந்தார்கள். ‘ஒரு மக்’ ஓடுவதாகக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் 1672-இல் எழுதினார். ஜான் டிரைடன் 1687-இல் ‘இந்திய’ என்ற அடையையும் அதன் நடுவே செருகினார். அர்த்தமற்ற ‘மக்’ ஒன்று பிறந்து, ‘ஓடுதல்’ என்ற வினை அதனோடு ஒட்டிக்கொண்டது. மலாயில் தாக்குபவர் பாய்கிறார், ஆங்கிலத்தில் ஓடுகிறார். பாய்ச்சலுக்கு ஓர் இலக்கு உண்டு. ஓட்டத்துக்கு இலக்கு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அந்த வேறுபாட்டோடு பொருளும் நகர்ந்தது.

அதே காலத்தில் டச்சுக்காரரின் பத்தேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, இச்சொல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கேப்டன் குக்கின் கப்பல் 1770-இன் இறுதியில் அங்கே தங்கியது. அந்தப் பயணத்தின் குறிப்புகளில் அமுக் செய்பவர்கள் வருகிறார்கள். அபின் உண்டு வெறிபிடிக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். உயிரோடு பிடித்த காவலருக்குப் பரிசு உண்டு. பிடிபட்டவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். பாலியிலிருந்தும் சுலவேசியிலிருந்தும் விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளால் நிறைந்த நகரம் அது. அமுக் செய்தவர்களில் பலர் அந்த அடிமைகளே. மக்காசாரில் தங்கியிருந்த இயற்கை அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1869-இல் வெளியிட்ட நூலில், சுலவேசி மக்களிடையே இது மதிப்புக்குரிய தற்கொலை முறையாக இருப்பதாக எழுதினார். தண்டனைக்கும் கடனுக்கும் அடிமைத்தனத்துக்கும் தப்ப வழியில்லாதவர் தேர்ந்துகொண்ட சாவு என்று அவர் அதைப் புரிந்துகொண்டார்.

சிங்கப்பூர் 1823, பினாங்கு 1846

இரண்டு நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டிலும் நம் மக்களின் தடம் இருக்கிறது.

சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார், 1823 மார்ச் 11 அன்று இரவு குத்தப்பட்டார். குத்தியவர் சையது யாசின் என்ற பகாங் வணிகர். கடன் வழக்கில் தோற்றுச் சிறைப்பட்டிருந்தவர். ஒரு காவலாளின் துணையோடு, கடன் கொடுத்தவரின் வீட்டுக்குப் போய் ஏற்பாடு செய்துவர அனுமதி பெற்றார். கடன் கொடுத்தவர் தப்பி ஓட, யாசின் காவலாளைக் கொன்றார். தேடிவந்த ஃபார்குவாரையும் இருட்டில் குத்தினார். ஃபார்குவார் பிழைத்தார், யாசின் அங்கேயே கொல்லப்பட்டார். சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் உடலைக் கூண்டில் இட்டு ஊர் பார்க்கத் தொங்கவிட்டார். பின்னால் தஞ்சோங் பகாரில் புதைக்கப்பட்ட யாசினின் கல்லறைக்கு மக்கள் நேர்ச்சை வைத்து வணங்கப் போனார்கள். ஆட்சியாளர் கண்ட கொலைகாரரும் மக்கள் வணங்கிய புனிதரும் ஒரே மனிதர்.

அன்று சிங்கப்பூரில் இருந்து இதைப் பதிந்தவர் முன்ஷி அப்துல்லா. 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு வழியும் நாகூர் வழித் தமிழ் உறவும் கலந்த குடும்பம். மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்காகவும் வணிகப் பேச்சுக்காகவும் தமிழ் கற்பது அக்கால வழக்கம் என்றும், தம்மையும் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் அவரே தம் வரலாற்றில் சொல்கிறார். 1849-இல் அச்சான அந்த நூல், நவீன மலாய் உரைநடையின் தொடக்கமாகப் போற்றப்படுவது. அதில் கடனும் வழக்கும் சிறையும் முன்னால் வருகின்றன, கத்தி அவற்றுக்குப் பின்னால் வருகிறது.

அடுத்தது பினாங்கு. 1846 ஜூலை 8. ஊரில் நல்ல பெயரோடு வாழ்ந்த ஒரு மலாய் வீடுகட்டுநர் தெருவில் இறங்கிப் பலரைக் குத்தினார். இறந்தவர்களிலும் காயம் பட்டவர்களிலும் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். தந்தையின் கையில் இருந்த மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றும் அதில் உண்டு. அந்தக் குழந்தைக்காக வருந்தாமல் இச்சொல்லைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமையில்லை. நீதிமன்றத்தில் வேறொன்றும் வெளிப்பட்டது. அந்த மனிதர் சிறிது காலத்துக்கு முன் மனைவியையும் ஒரே பிள்ளையையும் இழந்திருந்தார். அதிலிருந்து மனம் ஒடிந்து கிடந்தார். சில நாளில் தீர்ப்பு வந்தது. தூக்கு, உடல் அறுவைக்கு, உறுப்புகளை உறவினருக்குத் தராமல் கடலிலோ பள்ளத்திலோ எறிய ஆணை. மனைவியும் பிள்ளையும் போன பின் அவர் எப்படி இருந்தார், யாராவது போய்ப் பார்த்தார்களா என்ற கேள்விக்குத் தீர்ப்பில் இடமில்லை.

மருத்துவரும் அதிகாரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சொல் மருத்துவமனைக்குள் நுழைகிறது. சிங்கப்பூர் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த கில்மோர் எல்லிஸ் 1893-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1904-இல் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் ஜாவாவுக்குச் சென்று, இன்று போகோர் எனப்படும் ஊரின் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். அமுக் என்பது ஒரே நோய் அன்று, வலிப்பு உள்ளிட்ட பல நிலைகள் அந்தப் பெயருக்குள் வந்து சேர்கின்றன என்று அவர் கண்டார்.

அதிகாரிகளிலும் இருவகைப் பார்வை இருந்தது. பேராக்கில் 1891-இல் மாமாட் என்ற மதிப்புமிக்க சமயத் தலைவர் செய்த கொலைகளை ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1895-இல் வெளியிட்ட நூலில் விவரித்து, காரணமே தெரியவில்லை என்று வியந்தார். ஆனால் அவரே தரும் விவரப்படி, மாமாட் தாக்குவதற்கு முன் உறவினரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டவரின் மனத்தில் ஏதோ ஒன்று அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. பகாங்கில் பணியாற்றிய ஹியூ கிளிஃபர்ட் வேறு விதமாகச் சிந்தித்தார். அமுக் செய்தவர்களில் பலரைப் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. அவர்களுக்குச் ‘சாக்கித் ஹாத்தி’ இருந்தது என்றார்.

சாக்கித் ஹாத்தி என்பது நேர்ப்பொருளில் நெஞ்சு நோவு. அவமானமும் மனத்தாங்கலும் நெடுநாள் உள்ளே கிடந்து புண்ணாவது. அதற்குப் பின் வருவது ‘மாத்தா கெலாப்’, கண் இருண்டு போதல். அமுக் மூன்றாவது. ‘மாலு’ என்ற வெட்கமும் மானமும் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கிறது. மலாய் மொழி ஒரு வரிசையையே வைத்திருக்கிறது. உலகம் அதில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. முன்னிருந்த சொற்கள் வராததால், கடைசிச் சொல் திடீரென்று நடப்பதாகத் தோன்றியது.

நம் இலக்கணம் இந்த வகையில் மலாயோடு நிற்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளியைச் சொல்லும்போது, சினந்தவர் எப்படி இருப்பார் என்று வருணிக்கவில்லை. உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அடித்து அலைக்கழித்தல், கொல்லுதல் என்று சினத்துக்கு முன்னால் நடந்த நான்கைச் சொல்கிறார். அவருக்கு வெகுளி என்பது அதைப் பிறப்பித்த கொடுமையின் பெயரால் அறியப்படுவது.

இனத்தின் குணமா?

காலனி ஆட்சியில் அமுக் என்பது மலாய் இரத்தத்தில் ஊறிய குணம் என்று பலர் எழுதினார்கள். ஹாங்காங்கில் பணியாற்றிய மனநல மருத்துவர் யாப் பௌ மெங், பண்பாட்டோடு பிணைந்த மனநோய்கள் என்ற கருத்தை 1960-களில் வளர்த்தெடுத்தபோது, பேச்சு இரத்தத்திலிருந்து பண்பாட்டுக்கு மாறியது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின் நான்காம் பதிப்பில், அப்படிப்பட்ட நோய்களின் பட்டியலில் அமுக் இடம்பெற்றது. 2013-இல் ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலையே கைவிட்டது.

பட்டியலை உடைக்கும் சான்றுகள் ஏற்கெனவே குவிந்திருந்தன. பப்புவா நியூ கினியில் 1968-இலும், கையெறிகுண்டுகளைக் கொண்டு கூட்டத்தைத் தாக்கியவர்களைப் பற்றி லாவோஸில் 1972-இலும் ஆய்வுகள் வந்துவிட்டன. ஐரோப்பாவே இறுதிச் சான்றைத் தந்தது. ஸ்டெஃபான் ஸ்வைக் 1922-இல் இச்சொல்லைத் தலைப்பாக வைத்துக் கதை எழுதிப் புகழ்பெறச் செய்த ஜெர்மன் மொழியில், இன்று பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்து சுடுவதற்கு இதுதான் பெயர். 2002-இல் எர்ஃபூர்ட்டிலும் 2009-இல் வின்னென்டனிலும் நடந்த பள்ளிக் கொலைகளை ஜெர்மனியர் இந்த மலாய்ச் சொல்லால்தான் குறித்தார்கள். மலாயரின் குணம் என்று எழுதப்பட்டது ஜெர்மன் வகுப்பறையில் நடந்தது. டச்சு மொழியிலோ ‘அமோக் செய்வது’ என்றால் கலாட்டா செய்வது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் கட்டுக்கடங்காத பிள்ளைகளுக்கும் விலைவாசிக்கும்கூட அது பொருந்துகிறது.

பிறந்த மண்ணில் சொல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மலாயில் யானையும் அமுக் செய்யும், புயலும் செய்யும், அடம்பிடிக்கும் குழந்தையும் செய்யும். இந்தோனேசிய இதழ்கள் கூட்டக் கலவரத்தை ‘அமுக் மாஸா’ என்கின்றன. 1998 மே மாதக் கலவரங்களின்போது அந்தத் தொடர் நாள்தோறும் அடிபட்டது. அங்கும் அதே ஆபத்து இருக்கிறது. கூட்டம் அமுக் செய்தது என்று எழுதிவிட்டால், தூண்டியவர் யார், பசி எங்கிருந்து வந்தது, பெண்களும் சீன வம்சாவளியினரும் ஏன் குறிவைக்கப்பட்டார்கள் என்ற கேள்விகள் அந்த ஒரு சொல்லுக்குள் அமிழ்ந்துபோகும்.

அகராதிக்கு ஒரு பதிவு

காரணத்தைத் தேடுவது குற்றத்தை மன்னிப்பது ஆகாது. பினாங்கில் இறந்த குழந்தைக்குக் கொலையாளியின் துயரம் ஈடாகாது. ஆனால் திடீரென்று நடந்தது என்று எழுதும்போது, தடுத்திருக்க முடியாது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இது உண்மையில்லை என்பதற்கு இச்சொல்லின் ஐந்நூறு ஆண்டு வரலாறே சாட்சி. வேண்டுதல், கடன், அடிமைச் சங்கிலி, அவமானம், பிள்ளையை இழந்த துயரம் என்று ஏதோ ஒன்று பெரும்பாலும் முன்னால் இருந்திருக்கிறது. கிரேப்லின் கண்டதுபோல நோயும் இருந்திருக்கிறது; நோய்க்கும் மருத்துவம் உண்டு, கவனிக்க ஆள் வேண்டும். நம் இதழாளர்கள் ‘திடீரென வெறிச்செயல்’ என்று தலைப்பிடும் முன், அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

அகராதித் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். அயற்சொற்களுக்குத் தமிழில் பதிவு எழுதும்போது, ஆங்கில அகராதியின் விளக்கத்தைப் பெயர்த்துத் தராமல், சொல் பிறந்த மொழியைக் கேட்டு எழுதுங்கள். இச்சொல்லுக்கு நான் முன்மொழியும் பதிவு இது:

அமுக் (மலாய், ஜாவானியம்): 1. போரில் உயிரைப் பொருட்படுத்தாது எதிரணியுள் பாய்ந்து தாக்குதல். 2. மானக்கேடு, மனநோவு, கடன், இழப்பு, நோய் முதலியவற்றால் நெடுநாள் உள்ளுக்குள் நொந்தவர் சாகத் துணிந்து பிறரைத் தாக்குதல். 3. (ஐரோப்பிய மொழிகள் வழியாக) காரணம் புலப்படாத கொலைவெறி. 4. கட்டுக்கடங்காத எழுச்சி; கலவரம்.

மூன்றாவது பொருளை முதலாவதாக வைத்து அச்சிடும் வழக்கம் நம் அகராதிகளில் வேண்டாம். இரண்டாவது பொருளை விட்டுவிடவும் வேண்டாம். நோய் வருமுன் அறிய விரும்பும் மருத்துவருக்கும், குற்றம் நிகழுமுன் தடுக்க விரும்பும் சமூகத்துக்கும் பயன்படக்கூடிய பொருள் அது ஒன்றே.